ஈரத்துணி சர்வேயருக்காகக் காத்திருக்காது

வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கும், கடலூர், புதுச்சேரிப் பக்கம் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் இருபத்தாறு வருடமாகத் துணி தைப்பவள். வீடு தென்பெண்ணைப் பக்கம். வீட்டுக் கடன் வாங்கியபோது கூடவே ஒரு வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியும் போட்டார்கள். கையெழுத்துப் போட்டதோடு சரி, அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் அதையும் சமாளித்துவிட்டோம். பிறகு சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். ஆறு ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டுகள் மூன்றும் முழுகிவிட்டன.

தண்ணீர் வடிந்த காலையிலேயே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க மேடம், அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டுவிட்டேன். ஆறு நாள் ஆயிற்று.

துணிக்கு அந்த ஆறு நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

வெள்ளத்தில் நனைந்து மூட்டையாகக் கிடக்கும் துணியில் ஒரு நாள், இரண்டு நாளிலேயே பூசணம் பிடித்துவிடும். அதுவும் நம் ஊர் மார்கழிக்கு முந்தைய ஈரக்காற்றில், கரண்ட் இல்லாமல், மின்விசிறி ஓடாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பூசணத்தை வெயிலில் தட்டித் துடைத்து எடுத்துவிடலாம். கறுப்புப் புள்ளி நூலுக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. சேறு இன்னொரு தொல்லை. ஈரமாக இருக்கும்போது நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினால் வந்துவிடும். காய்ந்துவிட்டால் வண்டல் மணல் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். பிறகு கசக்கும்போதெல்லாம் நூலை அறுக்கும். நனைந்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டால் சாயமும் ஊறும். பீரோவின் தகரம் துருப்பிடித்து, மடிப்பு ஓரமெல்லாம் பழுப்புக் கோடு விழும்.

என் அம்மாவின் முகூர்த்தப் புடவை அந்த இரண்டாம் தட்டில்தான் இருந்தது. சந்தனக் கலர் உடல், அரக்குக் கரை. முதல் நாளே பிரித்து, தண்ணீரில் மெதுவாக முக்கியெடுத்து, முறுக்கிப் பிழியாமல், பருத்தித் துண்டின்மேல் நிழலில் விரித்திருந்தால் பிழைத்திருக்கும். பட்டுத் துணியை எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில். ஆனால் தொடக் கூடாது என்றார்கள். ஆறாம் நாள் பிரித்தபோது அரக்குச் சாயம் பாதிப் புடவைக்கு ஊறியிருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. மடிப்பை விரித்த இடத்தில் இழை விட்டுப்போனது. எதிர்வீட்டு அக்காவிடம் பாலிசி கிடையாது. அவர் காத்திருக்கவில்லை. அன்றே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அலசிப்போட்டார். அவர் வீட்டுக் கைத்தறிப் போர்வைகளும் குறிஞ்சிப்பாடி லுங்கிகளும் இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கின்றன. காப்பீடு வைத்திருந்த நான்தான் துணியை இழந்தேன்.

வந்த சர்வேயரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு எங்கள் தெருவிலேயே ஐந்தாறு வீடு. மூட்டையைப் பார்த்தார், முகத்தை மூடிக்கொண்டார், "பில் இருக்கா?" என்று கேட்டார். அம்மாவின் கல்யாணத்துக்கு எடுத்த புடவைக்கு யார் பில் வைத்திருப்பார்கள்? கல்யாண ஆல்பத்தில் அம்மா அந்தப் புடவையில்தான் நிற்கிறார். அந்த ஆல்பமும் அதே பீரோவில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

பிறகுதான் பாலிசிப் புத்தகத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசிதான் அது. கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. தனியாகப் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. இது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது; கடன் வாங்கிய வீட்டின் கட்டடத்துக்கு மட்டும்தான் பாலிசி என்று நினைத்திருந்தோம். அதே புத்தகத்தில், சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்றும் இருக்கிறது. புத்தகம் காப்பாற்று என்கிறது. போனில் பேசியவர் தொடாதே என்கிறார். இரண்டையும் எப்படிக் கடைப்பிடிப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இழப்பீடு கேட்ட 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனிலேயே சொல்லிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் காகிதத்தில் நியமிப்பது வேறு, சேற்றில் நடந்து வாசலுக்கு வருவது வேறு. பாலம் முழுகி, பஸ் நின்றுபோன நாளில் உங்களாலும் வர முடியாது என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் வரும்வரை துணியைக் காக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

போன் எடுப்பவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "முதலில் படமும் வீடியோவும் எடுங்கள். பிறகு அலசிக் காயப்போடுங்கள்." அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பினால், அந்த அனுமதி எங்கள் கையில் சாட்சியாக இருக்கும். தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் தெரியும்படி பீரோவோடு ஒரு படம், பிறகு துணிகளை ஒவ்வொன்றாகப் பாயில் விரித்து ஒரு படம். தூக்கி எறிய வேண்டியதில் மட்டும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, காயவைத்து, காகித உறையில் பெயரெழுதி வைக்கிறோம். சாக்கடைத் தண்ணீர் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முடியாது. மெத்தை உறையில் ஒரு கை அகலமும் பஞ்சில் ஒரு பிடியும் எடுத்துவைத்துவிட்டு, அதை அன்றே வெளியேற்ற விடுங்கள். வீட்டில் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இருக்கிறார்கள்.

சலவைக் கடை ரசீதையும் இழப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டுக்குக் குளோரின் ஆகாது, வீட்டில் போட்டு ஊறவைக்கவும் முடியாது. டிரைகிளீனிங்தான் கொடுக்க வேண்டும். ஒரு புடவையை மீட்கச் சில நூறு ரூபாய், புதிதாக எடுக்கப் பல ஆயிரம். உங்களுக்கும் இதுதான் லாபம். பில் இல்லாத இடத்தில் கல்யாணப் போட்டோவையும் உறவுக்காரர் போனில் இருக்கும் படத்தையும் சாட்சியாகப் பாருங்கள்.

எனக்கு வந்த தொகை பற்றி சென்னைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான், கட்டணம் இல்லை, நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அது தன் வழியில் நடக்கட்டும். இந்த மடல் என் பணத்துக்காக இல்லை.

2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருமழை, 2020இல் நிவர் புயல், பிறகு ஃபெஞ்சல். எங்களுக்கு ஐப்பசி பிறந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதற்குள் உங்கள் கால் சென்டரில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். துணியை எப்படி அலசுவது, எதை முதலில் பிரிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கடையை ஒரு நாள் மூடிவிட்டு வருவதில் எனக்குச் சிரமம் இல்லை.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்