மூச்சை அடக்கச் சொல்லும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 21 யோகா தினம் வந்தால் பூங்காதோறும் மூச்சுப்பயிற்சி முகாம்கள். நல்லதுதான். ஆனால் எங்கள் பகுதி முகாமில் யாருக்கு ரத்த அழுத்தம், யாருக்கு இதயக் கோளாறு என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எல்லாரையும் கபாலபாதி, அதாவது வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி, செய்யவைத்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் என் அக்கா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அடுத்து மூச்சை அடக்கவும் சொன்னார்கள். இழுக்க 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை), அடக்க 64, விட 32 என்ற திருமூலர் கணக்கு முதல் நாளே வந்தவர்களுக்கா?

நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். எங்கும் அடக்காமல், மூக்கால் 4 வினாடி இழுத்து 6 வினாடி மெல்ல விட்டால் அது 6 முறையாகக் குறையும். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. அக்கா இப்போது காலையில் காபிக்கு முன் பத்து நிமிடம் இதைத்தான் செய்கிறார், மருந்தையும் நிறுத்தவில்லை.

முகாம் நடத்துவோர் முதலில் நோய் விவரம் கேட்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இந்த எளிய பயிற்சியை மட்டும், அதுவும் அவர்களின் மருத்துவர் சம்மதித்தால், சொல்லித்தரட்டும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்