குருதிக் கொடையாளர் சங்கம்: 2023-24 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா சொல்றத மொதல்ல சொல்லி முடிச்சிடறேன், இந்த வருஷம் நாலு முகாம் போட்டோம், செயற்குழு ஆறு தடவ கூடுச்சு, வரவு செலவ பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு போன். பிரசவம் ஆயிடுச்சு, குழந்த நல்லாருக்கு, தாய்க்கு ரத்தம் நிக்கல, ஓ நெகடிவ் வேணும்னாங்க. நம்ம லிஸ்ட்ல ஓ நெகடிவ் ஆறு பேரு. மூணு நம்பர் உபயோகத்துலயே இல்ல, ஒருத்தர் வெளியூரு, இன்னொருத்தர் குடுத்து ரெண்டு மாசம் கூட ஆகல, மிச்சம் இருந்த தம்பி பைக்ல நனைஞ்சுகிட்டே போய்ச் சேர்ந்தப்ப அந்தப் பொண்ணு இல்ல. வராண்டாவுல அவங்கம்மா உக்காந்திருந்தாங்க, பிள்ளைக்குன்னு கிழிச்சு எடுத்துட்டு வந்த பழைய வேட்டித்துணி கட்டப்பையில மடிச்ச மேனிக்கே இருந்துச்சு.

அதுக்கப்புறந்தான் இந்த மாதிரி சாவு எங்கெங்க எப்படி குறைஞ்சதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். பக்கத்துல இருக்கிற இலங்கையவே எடுத்துக்கங்க. உயிரோட பொறக்கிற ஒரு லட்சம் குழந்தைக்கு எத்தன தாய் சாகறாங்கங்கறதுதான் கணக்கு. 1930கள்ல அங்க 2000-க்கும் மேல, 1947-ல ஆயிரத்த ஒட்டி, 1950-லயே அதுல பாதி, 1980கள்ல நூறுக்குக் கீழ வந்துட்டாங்க. இந்தியாவுல 1997-98-ல 398, நூறுக்குக் கீழ இறங்கி 97-ன்னு வந்தது 2018-20-லதான். நடுவுல ஏறத்தாழ நாப்பது வருஷம், அந்த நாப்பது வருஷத்துல நம்ம பக்கம் போன உயிர்ல எத்தனைய புடிச்சு நிறுத்தியிருக்கலாம்னு நெனச்சா தூக்கம் வரல.

இலங்கை ஒண்ணும் அப்ப வசதியான நாடு இல்ல. 1926-லயே களுத்துறையில மொத சுகாதாரப் பிரிவு ஆரம்பிச்சாங்க, பயிற்சி எடுத்த மருத்துவமாது, அதாவது பிரசவம் பாக்கற செவிலியர், வீடு வீடா போயி பிள்ளத்தாச்சிய பாத்தாங்க, ஆஸ்பத்திரி இலவசம், பொண்ணுங்க பள்ளிக்கூடம் போனாங்க, மலேரியா அடங்குனதும் ரத்தசோகையும் குறைஞ்சுச்சு. இதெல்லாத்தையும் விட எனக்குப் பெருசா தெரியறது, ஒரு தாய் செத்தா அதோட விடாம, வீட்ல கிளம்ப லேட்டாச்சா, வண்டி கிடைக்கலையா, ஆஸ்பத்திரியில கவனிக்க லேட்டாச்சான்னு ஒவ்வொரு சாவையும் உக்காந்து விசாரிச்சாங்க.

தமிழ்நாட்லயும் அந்த விசாரணை உண்டு, கிராம சுகாதார செவிலியர்களும் 108-ம் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்துதான் 2001-03-ல 134-ஆ இருந்தத 2018-20-ல 54-க்கு கொண்டு வந்துச்சு. கேரளா அதே கணக்குல 19. அப்ப 54-ங்கறதோட நாம நின்னுக்க முடியாது. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா நிமிஷந்தான் கணக்கு, கர்ப்பப்பைய சுருங்க வெச்சு ரத்தத்த நிறுத்தற ஆக்சிடோசின் ஊசி, ஃபிரிட்ஜ்ல வெச்சது, கையில இருக்கணும், ரத்தம் தயாரா இருக்கணும். ஊசி ஆஸ்பத்திரி பொறுப்பு, ரத்தம் நம்ம பொறுப்பு.

அந்த ராத்திரிய நாமளும் விசாரிச்சோம். நம்ம லிஸ்ட் மூணு வருஷமா திருத்தப்படல, அது செயலாளரா என் தப்பு, சபை முன்னாடி ஒத்துக்கறேன். இனி மாசம் ஒரு தடவ நெகடிவ் குரூப் எல்லாருக்கும் நானே போன் பண்றேன், வர்ற வருஷம் ஒரு முகாம் நெகடிவ் குரூப்பத் தேடறதுக்குன்னே காலேஜ்ல போடலாம்னு தீர்மானம் வெக்கறேன். பதிவேடு வாசல் மேஜையில இருக்கு, நம்பர் மாத்துனவங்க போறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டுப் போங்க.