மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாகம் ஆகியவை பற்றிய அறிக்கையைப் பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தபோது, பழைய வட ஆற்காட்டின் தோல் தொழிற்சாலைகளில் பலர் அதை வேறு யாருக்கோ வந்த உத்தரவாகவே கருதினர். இன்றோ வெளிநாட்டுக் காலணி நிறுவனங்கள் அதே விவரங்களை ஒரு மதிப்பீட்டுப் படிவம் அனுப்பி ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்களிடம் கேட்கின்றன. வரும் படிவம் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் மேசைக்குப் போகிறது. அவர் சென்ற ஆண்டின் விடைகளைச் சற்று மாற்றி அனுப்பிவிடுகிறார்.

தண்ணீர்ப் பயன்பாடு எவ்வளவு என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணற்றின் மீட்டர் அளவு பராமரிப்புப் பிரிவின் நோட்டில் இருக்கிறது. லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணம் கணக்குப் பிரிவில் ‘இதர செலவு’ என்ற தலைப்பில் மறைந்து கிடக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிய கழிவுநீரின் அளவோ அந்நிலையத்தின் பில்லில்தான் தெரியும். மூன்றையும் அருகருகே வைத்தால், உள்ளே வந்ததைவிட வெளியே சென்றது அதிகம் என்று காட்டும் மாதங்கள்கூட அகப்படும். இதை ஒரு மேசையில் உட்கார்ந்து ஒருவர் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, படிவத்தை ஒரு குழு நிரப்ப வேண்டும்; அதை ஒருங்கிணைப்பவர் பொது மேலாளர் நிலையில் இருப்பவராக வேண்டும். இளநிலை ஊழியர் கேட்டால் எந்தப் பிரிவும் பதிவேட்டைத் தருவதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் விவரம் தரும் பொறுப்பு பெயர் குறித்து ஒருவருக்கு எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். சரிபார்ப்பவர் வேறு பிரிவினராக இருக்க வேண்டும். ஆலோசகர் கேள்விகளை விளக்கலாம்; விடை எழுதக் கூடாது. கையெழுத்திடும் இயக்குநர் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் (இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கை).

தொழிலாளர் தொடர்பான கேள்விகளில்தான் குறை மிகுதி. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தபோது, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தனர். இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது ஷிப்ட் மேற்பார்வையாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியாது. அவர்களின் பிரதிநிதி குழுவில் இல்லாமல் பாதுகாப்புப் பகுதியை நிரப்புவதில் பொருளில்லை. அதுபோலவே, பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை என்ற கேள்விக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய புகார்களை விசாரிக்க அமைந்த உள்ளகக் குழுவின் தலைவியே விடை தர வேண்டும். யாரையும் கேட்காமல் ‘இல்லை’ என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நாற்பது பேர் வேலை செய்யும் சிறு ஆலையில் இத்தனை பேரை எங்கே தேடுவது என்ற கேள்வி நியாயமானதே. அங்கே ஒருவரே இரு பொறுப்புகளை ஏற்கலாம்; ஆனால் விவரம் தருபவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாகாது. அண்டை ஆலைகள் இரண்டு தங்கள் கணக்கரைப் பரஸ்பரம் அனுப்பிச் சரிபார்க்கச் செய்யலாம். தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசடைந்தது குறித்து 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியிலும் கடுமையாகப் பேசியுள்ள நிலையில், நம் பகுதியின் எண்களை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கப் போவதில்லை.

இப்பகுதித் தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர் சங்கங்களும் இக்குழுக்களை மார்ச் மாதத்திலேயே அமைக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அப்போதுதான் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1ஆம் தேதியின் மீட்டர் அளவு முதலே பதிவு தொடங்கும்.

இப்படிக்கு,
தோல் ஏற்றுமதித் துறைக் கணக்காளர்,
ஆம்பூர்.