அந்தப் புலிக்குக் கோபம் வரவில்லை: காட்டுயிர்ப் படங்களுக்கு வசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வசனகர்த்தாக்களே,

போன வாரம் உங்களில் யாரோ ஒருவர் வசனம் எழுதிய புலிப் படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். அதில் ஓர் ஆண்புலி மரத்தடிக்கு வந்து பட்டையை முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு சில நொடி அப்படியே நின்றது. உடனே பின்னணியில் இடி இடிக்கிற மாதிரி இசை, எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான், வேங்கை வெறிகொண்டுவிட்டது என்று அடித்தொண்டையில் ஒரு குரல். அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் மாமா அதுக்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள்.

அதற்குக் கோபமே இல்லை, அம்மா. அது மோந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

புலியின் மேலண்ணத்தில் முன்பற்களுக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு சிறு துளைகள் உண்டு, அவை ஜேக்கப்சன் உறுப்பு என்கிற இடத்துக்குப் போகின்றன. உதட்டைச் சுருட்டி மூச்சை இழுத்தால் மரத்தில் படிந்திருக்கிற மூத்திரத்தின் வேதிப்பொருள்கள் அங்கே போய்ச் சேரும். வந்து போனது யார், ஆணா பெண்ணா, பெண் என்றால் இணைசேரும் பருவத்தில் இருக்கிறாளா என்று அந்த நாற்றத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். நாம் கடிதம் படிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் படிக்கிறவன் முகத்துக்கு யாராவது போர்முரசு அடிப்பார்களா?

இந்த வாசனை விஷயத்தை நீங்கள் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் புலியின் வாழ்க்கையில் பாதி அதில்தான் இருக்கிறது. வாலைத் தூக்கிப் பின்பக்கமாக மரத்தின் மேலும் புதரின் மேலும் அது பீச்சுகிற திரவம் வெறும் மூத்திரம் இல்லை. அதில் கொழுப்புப் பொருள்கள் கலந்திருக்கின்றன, அதனால்தான் மணம் சட்டென்று பறந்துபோகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தன்லால் பிரம்மச்சாரி என்று ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் இந்த மணத்தின் பின்னாலேயே பல ஆண்டுகள் அலைந்தார். பாசுமதி அரிசிக்கு அந்த வாசம் தருகிற அதே 2-அசிட்டைல்-1-பைரோலின் புலி பீச்சுகிற திரவத்திலும் இருக்கிறது என்று அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-இல் எழுதினார்கள். ரத்தம், வெறி என்று நீங்கள் எழுதுகிற விலங்கு சோறு மணக்க நடக்கிறது ஐயா! இதை எழுத உங்களுக்கு எப்படிக் கை வராமல் போகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம், அந்த மணம் எதற்காக? சண்டை போடுவதற்கு இல்லை, சண்டை வராமல் இருப்பதற்கு. தனியாக வேட்டையாடுகிற விலங்குக்குக் காலில் ஆழமாக ஒரு காயம் பட்டாலே பட்டினிதான், கொண்டுவந்து கொடுக்க மந்தையில் வேறு யாரும் கிடையாது. அதனால் ஒன்றையொன்று பார்க்காமலே, நான் இங்கே இருக்கிறேன், நீ அந்தப் பக்கம் போ என்று மணத்தாலும் மரத்தில் கீறிய நகக்கீறலாலும் சொல்லிக்கொள்கின்றன. மோதிக்கொள்வதே இல்லை என்று சொல்லவில்லை, மோதினால் உயிர் போகும் அளவுக்குப் போவதும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரப் படத்தில் நாற்பது நிமிடம் எல்லைப் போர் காட்டுகிறீர்களே, அந்தக் கணக்கு புலியுடையது இல்லை, உங்களுடையது. எல்லையின் அளவைக்கூட மன்னனின் ராஜ்ஜியம் மாதிரிதான் சொல்கிறீர்கள். நேபாளத்தின் சித்வனில் ஒரு பெண்புலிக்கு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் போதும், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சுமார் 400 வேண்டும். அங்கே இருக்கிற புலிக்குப் பேராசை என்று அர்த்தமில்லை. மான் குறைவு, அவ்வளவுதான்.

சரி, வேட்டைக்கு வருகிறேன். புலி புல்லுக்குள் உடம்பைத் தாழ்த்தியதும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும், "புலி பதுங்குவது பாய்வதற்குத்தான்" என்று எழுதியே தீருவீர்கள். இத்தனை படங்களில் இந்த வரியைத் தாண்டிப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காட்டிலோ பதுங்கல் பெரும்பாலும் பாய்ச்சல் இல்லாமலே முடிந்துபோகிறது. கனத்த உடம்பு, நெடுந்தூரம் துரத்துகிற மூச்சு அதற்குக் கிடையாது, அதனால் இரைக்கு மிக அருகே போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. நடுவில் காற்று திசை மாறினால் போச்சு, மரத்தின் மேலிருக்கிற மந்தி ஒன்று பார்த்துக் கத்தினால் போச்சு, புள்ளிமான் ஒன்று காலைத் தட்டிக் கூவினால் போச்சு. அப்படி ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் பல சமயம் புலி ஒளிவதையே விட்டுவிட்டு எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வெட்டவெளியில் நடந்து போய்விடும். எனக்கு அந்த நடையைப் பார்க்கத்தான் பிடிக்கும். நீங்களோ அந்த இடத்தில் வெட்டிவிட்டு, வெற்றிபெற்ற வேட்டையை ஒட்டவைக்கிறீர்கள்.

வெற்றி எவ்வளவு அரிதானாலும் ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் ஐம்பது மான் அளவுள்ள விலங்குகளைக் கொன்றாக வேண்டும், அதாவது வாரத்துக்கு ஒன்று. கிடைத்த அன்று 30 கிலோ வரைகூடத் தின்னும், மிச்சத்தை இலை தழையால் மூடிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கும், இரண்டு மூன்று நாள் அதையே தின்னும். மற்றபடி நாளின் பெரும்பகுதி தூக்கம், நிழல், வெயில் காலமென்றால் கழுத்தளவு தண்ணீர். தண்ணீரைக் கண்டு ஓடாத பூனை இது, சுந்தரவனத்தில் ஆற்று வாய்க்கால்களை நீந்தியே கடக்கிறது.

இன்னொரு பழமொழியும் உங்களுக்குச் செல்லம், பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது. தின்னும். வீட்டுப் பூனை தின்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி புலியும் புல்லைக் கடித்து விழுங்குகிறது, எச்சத்தில் அந்தப் புல் அப்படியே கிடக்கும். பசிக்காகத் தின்பதில்லை என்பது வேறு விஷயம். பழமொழியைச் சொன்னவரை நான் குறை சொல்லவில்லை, அவர் மனிதருடைய மானத்தைப் பற்றிப் பேசினார். நீங்கள் விலங்கைப் பற்றிப் பேச வந்தவர்கள்.

வெள்ளைப்புலி பற்றி ஒரே ஒரு வரி: அது தனி இனம் இல்லை, பனிநாட்டு விலங்கும் இல்லை, எஸ்எல்சி45ஏ2 என்கிற மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வருகிற நிறம், அவ்வளவே.

ஆட்கொல்லி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று கையெடுத்துக் கேட்கிறேன். 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன, பழைய துப்பாக்கிக் காயம். கோரைப்பல் போன புலியால் தன் வழக்கமான இரையைக் கவ்விப் பிடிக்க முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். எண்ணைச் சொல்கிற நீங்கள் பல்லைச் சொல்வதில்லை. பொதுவாக மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற விலங்குதான் இது. சித்வனில் மனிதர்கள் பகலில் நடக்கிற அதே ஒற்றையடிப் பாதையில் புலிகள் இரவில் நடப்பதைத் தானியங்கிக் கேமராக்கள் காட்டிக்கொடுத்தன, அந்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரே பாதையைப் பகல் முறை, இரவு முறை என்று பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் முறையை மாற்றிக்கொண்டது புலி, நாம் இல்லை.

குடும்பக் காட்சிகளில் ஆண்புலியை வில்லனாக்குகிறீர்கள். புதிதாக எல்லையைப் பிடித்த ஆண், முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்வது உண்மை, மறைக்க வேண்டாம். குட்டிகள் போனால் தாய் சீக்கிரம் மறுபடி இணைசேர்வாள், தன் குட்டிகள் பிறக்கும், இயற்கை போட்ட கணக்கு அப்படி. ஆனால் அதே ஆண் தன் குட்டிகளோடு எப்படி இருக்கிறது என்பதையும் காட்டுங்களேன். ராஜஸ்தானின் ரண்தம்பூர் காட்டில் 2011-இல் தாய் இறந்துபோன இரண்டு பெண்குட்டிகளை டி-25 என்கிற ஆண்புலி தன்னோடு வைத்துக்கொண்டு திரிந்தது. தனிமை விலங்கு என்று எழுதுகிறீர்களே, தனியாக வேட்டையாடும் என்று எழுதுங்கள், அதுவே போதும்.

தாயைப் பற்றி எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. மூன்றரை மாதம் சுமந்து, கண் திறக்காத, ஒரு கிலோ சுமாரான இரண்டு மூன்று பறழ்களைப் புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ ஈன்று, ஆபத்து என்று தோன்றினால் பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாக இடம் மாற்றி, ஒன்றரை இரண்டு வருடம் கூடவே வைத்துக்கொண்டு, கொல்லக் கற்றுக்கொள்கிற வரைக்கும் எல்லா வயிற்றுக்கும் சேர்த்து அவளே வேட்டையாடுகிறாள். இதற்கு நீங்கள் எழுதுவது "பாசமுள்ள தாய்", அப்புறம் ஒரு வயலின்.

அந்த வயலினைத்தான் கடைசியாகக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரையை முடித்துவிட்டுத் தாய் திரும்பி வருகிறபோது, புதர் பக்கம் நின்று, வாயை மூடியபடியே மூக்கு வழியாகக் காற்றை விட்டு விட்டுத் தள்ளுவாள், ஃப்ர்ர், ஃப்ர்ர் என்று தணிவாக ஓர் ஒலி வரும். பூனை மாதிரி இடைவிடாமல் குர்குர் என்று புலியால் சொல்ல முடியாது, அதற்குப் பதில் அதனிடம் இருப்பது இது. நான்தான், பயப்படாதே என்பதற்கு. சிங்கத்துக்கு இந்த ஒலி வராது. போன வாரப் படத்திலும் அவள் அதைச் சொன்னாள், வாயும் மூக்கும் அசைந்ததைப் பார்த்தேன், குட்டிகள் புதரிலிருந்து வெளியே வந்ததையும் பார்த்தேன். உங்கள் இசையில் அது மட்டும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிற ஒருவன்