இரண்டாம் பருவம்: பெற்றோருக்கு ஒரு கடிதம் (பையில் வைத்தனுப்பும் டேக் பற்றியும்)

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்தது. மழை விடுமுறைக்கு ஈடாக வைத்த சனிக்கிழமை வகுப்புகளும் முடிந்து, பிள்ளைகள் ஒருவழியாக மூச்சு விடுகிறார்கள். அறிவியல் கண்காட்சி நன்றாக நடந்தது. கோகோ போட்டியில் நம் பெண்கள் அணிக்கு இரண்டாம் இடம். கொலுவுக்குப் பொம்மை கொடுத்தவர்களுக்கு நன்றி. மதிப்பெண் பற்றிக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஃபோன் வரைபடத்தில் பார்ப்பதற்காக நீங்கள் வைத்தனுப்பும் சின்ன வில்லை, புளூடூத் டேக்.

கணக்குத் தேர்வு அன்று ஆறாம் வகுப்பு அறையில் குருவி கத்துவது போல ஒரு சத்தம். பைகளெல்லாம் வராந்தாவில் இருந்தன. தேடிப் பார்த்தால், ஒரு மாணவியின் ஷூவில், உள்தோலுக்கு அடியில் ஒரு ஏர்டேக், அதாவது ஆப்பிள் கம்பெனியின் டேக். அது அப்பாவின் ஃபோனோடு இணைத்தது. அப்பா வேலையாகக் கோவை போயிருந்தார். உரியவரின் ஃபோனை விட்டு 8 முதல் 24 மணி நேரம்வரை பிரிந்திருந்தால், யாராவது அசைக்கும்போது கத்தும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஒருவரை இன்னொருவர் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. தன் காலடியில் அப்படி ஒன்று இருப்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. மீதிக் கணக்கை அவள் அழுதுகொண்டே போட்டாள்.

அடுத்த வாரம் வேன். ஓட்டுநர் அண்ணனின் ஃபோனில், தெரியாத டிராக்கர் ஒன்று உங்களோடு பயணம் செய்கிறது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. 2024 முதல் ஆப்பிள் ஃபோனாக இருந்தாலும் ஆண்ட்ராய்டாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். பாவம், தன் மேல் ஏதோ போலீஸ் விசாரணை என்று பயந்து, வண்டியை ஓரங்கட்டி சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்திருக்கிறார். இருபது நிமிடம் தாமதம். "டேக் ஒரே இடத்தில் நிற்கிறதே, என்ன ஆச்சு?" என்று அதற்குள் ஆபீசுக்கு ஒன்பது ஃபோன். வண்டியை நிறுத்தியதே அந்த டேக்தான் என்று எப்படிச் சொல்வது?

நான் இருபத்தாறு வருடம் இயற்பியல் எடுத்தவள். பாடம் நடத்தாமல் விட மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த டேக்கில் ஜி.பி.எஸ். இல்லை, சிம் இல்லை. காசு அளவு பேட்டரி ஒன்று. இரவுக் காவலர் விசில் ஊதிக்கொண்டே போவது போல, "நான் இன்ன எண்" என்று விட்டுவிட்டு ரேடியோ அலையில் கூவிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அருகில் யாருடைய ஃபோனாவது அதைக் கேட்டால், அந்த ஃபோன் தான் நிற்கும் இடத்தைக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். நீங்கள் வரைபடத்தில் பார்க்கும் புள்ளி உங்கள் பிள்ளை அல்ல. அதைக் கடைசியாகக் கேட்ட யாரோ ஒருவரின் ஃபோன். நம் வாசலில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் ஃபோன் கேட்டால் புள்ளி ரோட்டில் இருக்கும். மாணவர்களுக்கு ஃபோன் கிடையாது, ஆசிரியர்கள் ஃபோனை ஓய்வறையில் வைத்துவிட்டு வருகிறார்கள். கேட்க ஆளில்லாவிட்டால் புள்ளி நகரவே நகராது. போதாததற்கு இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும், உலோகம் மறிக்கும். பையில் டேக்குக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில், அந்தப் பக்கம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பிறகு எங்கே கேட்கும்?

ஏர்டேக்காவது தன் எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் சில டேக்குகள் ஒரே எண்ணையே நாள் முழுக்கக் கூவும். கேட் அருகே நான்கு நாள் நிற்கும் எவரும், இலவச ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த எண் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துவிடலாம். பாதுகாப்புக்கென்று வாங்கியது பிள்ளையின் வழக்கத்தை ஊருக்குச் சொல்கிறது. கூடவே வரும் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் கேட்டால், ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 2020-இல் கொரோனாவுக்காக ஆரோக்கிய சேது ஆப் வந்தபோது தகவல் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்! அந்தக் கேள்வி பிள்ளைகளுக்காகவும் வேண்டாமா?

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஷூவிலும், சீருடைத் தையலிலும், பிள்ளைக்குத் தெரியாமல் எங்கும் டேக் வைப்பதைப் பள்ளி அனுமதிக்காது. கண்டெடுத்தால் ஆபீசில் வைத்து, உங்களை வரவழைத்துத்தான் தருவோம். ஏர்டேக் பொருளைத் தேடத்தான், ஆளைத் தேட அல்ல என்று ஆப்பிளே சொல்கிறது. பையில் வைப்பதானால் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வையுங்கள். வகுப்பாசிரியருக்கும் வேன் அண்ணனுக்கும் ஒரு வரி தெரியட்டும். தேர்வு அறைக்குள் எதுவும் வேண்டாம். புள்ளி அசையவில்லை என்று வகுப்பு நேரத்தில் ஆசிரியரின் சொந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். ஆபீஸ் எண் இருக்கிறது, எடுக்கிறோம்.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். கேளுங்கள். அடையாள அட்டைக்குள் பீக்கன் (இதே போல எண்ணைக் கூவும் சில்லு) வைத்து, ஒவ்வொரு வாசலிலும் அதைக் கேட்கும் கருவி மாட்டித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். எந்தப் பிள்ளை கழிப்பறைக்கு எத்தனை முறை போனது என்பதுவரை பதிவாகுமாம், பெருமையாகவே சொன்னார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதையும் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறதே என்றேன். பள்ளிகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். உண்டுதான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் மகன் கல்லூரிக்கு மின்சார ரயிலில் போன காலத்தில், அவன் வரும்வரை பால்கனியில்தான் நிற்பேன். பருவம் முழுக்க, முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும், மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து வண்டியில் கொண்டுவந்து விட்ட பெற்றோருக்கும், அன்று கோபப்படாமல் பேசிய அந்த மாணவியின் அம்மாவுக்கும் என் நன்றி. வேன் அண்ணனுக்கு யாரோ ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தீர்களாம். எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது.

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. டேக் வைத்திருப்பவர்கள் கையோடு கொண்டுவந்தால், என்ன வகை, எப்படிப் பதிவு செய்வது என்று கணினி ஆசிரியர் பார்த்துச் சொல்வார்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
தலைமையாசிரியை