கை வலு இல்லை என்றாயே, அதற்குப் பதில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் சுவர் ஏறும் கூடத்துக்குப் போவது உனக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டது, ஆனால் இந்த வயதில் கையில் வலு ஏது என்று எழுதியிருந்தாய். வெளியிலிருந்து பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறுவது கால்கள்தான். செங்குத்தான சுவரில் கைக்கு இருக்கும் வேலை, உடம்பு பின்னால் சாயாமல் பார்த்துக்கொள்வது. மேலே தூக்கிக் கொடுப்பது தொடை. கையை மடக்கிக்கொண்டு தொங்கினால் தசை நொடிக்கு நொடி உழைக்கும், நீட்டி வைத்தால் எலும்பும் மூட்டும் எடையைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்து, பாதத்தின் நடுப்பகுதியில் நிற்காமல் கட்டைவிரல் நுனியில் நின்றால், அந்த நுனியிலேயே உடம்பைத் திருப்பி, சுவரில் பதித்திருக்கும் அடுத்த பிடியை எட்டலாம். சுவர் நம் பக்கம் சாய்ந்திருந்தால் கைக்கும் வேலை கூடும், அது உண்மைதான், ஆனால் அங்கே போக உனக்கு அவசரம் இல்லை.

முன்கை ஏன் கல் மாதிரி இறுகுகிறது தெரியுமா? விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையிலும் உள்ளங்கையிலும்தான் இருக்கின்றன. விடாமல் இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசையே தன் ரத்தக்குழாய்களை அழுத்திவிடுகிறது, ரத்தம் சரியாக ஓடாமல் பிடி தளர்ந்துவிடும். நாங்கள் இதைப் பம்ப் ஆகிவிட்டது என்போம். தேவைக்கு மேல் இறுக்காமல் பிடிப்பதும், நல்ல பிடி கிடைத்த இடத்தில் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்வதும்தான் இதற்கு வழி. எங்கள் கூடத்துக்கு வருபவர்களில் நடனம் பழகியவர்கள் சீக்கிரம் முன்னேறுவதைப் பார்த்திருக்கிறேன். எடையை எந்தக் காலில் வைக்கிறோம் என்ற உணர்வு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மாதக்கணக்காகும். அதனால் ஏற முடிகிறதே என்ற உற்சாகத்தில் விரல் நுனி மட்டும் பதிகிற சின்னக் கிரிம்ப் பிடிகளில் ஆரம்பத்திலேயே தொங்காதே. கை முழுதும் உள்ளே போகிற ஜக் பிடிகள் உள்ள தடங்களிலேயே, அதாவது ஏறும் வழிகளிலேயே, முதல் சில மாதங்கள் ஏறு. மோதிரத்தைக் கழற்றிவிடு, விழும்போது எங்காவது மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். ஷூவை உடனே வாங்காதே, வாடகைக்குத் தருவார்கள்.

விழுவதைப் பற்றியும் பயந்திருந்தாய். போல்டரிங் சுவர்கள் பெரும்பாலும் 4 மீட்டர் சுற்றித்தான் இருக்கும், கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை. இரண்டு காலிலும் இறங்கி, முழங்காலை மடக்கி, அப்படியே முதுகுப்பக்கம் உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். முடிந்தவரை குதிக்காமல் இறங்கி வந்துவிடு. அப்புறம் உயரமான சுவர்களில் கயிறு வரும். ஏறுகிறவர் எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக்கொள்வார், கீழே கயிறு பிடிப்பவரின் பிரேக் கை, அதாவது கயிற்றை ஓடாமல் நிறுத்தும் கை, கயிற்றை விட்டு ஒரு கணமும் விலகக் கூடாது, கிளம்பும் முன் இருவரும் ஒருவர் கட்டியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். தானாகவே கயிற்றை இழுத்துக்கொள்ளும் ஆட்டோ பிலே எந்திரத்தில் தனியாகவும் ஏறலாம். ஆனால் கொக்கியை மாட்ட மறந்து ஏறியதால் விபத்துகள் நடந்திருக்கின்றன, அதனால் அதில் இன்னும் கவனம் வேண்டும்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது ஏறுவதற்கு முன்னால் வரும் நேரம். ஒரு தடத்தைக் காட்டும் ஒரே நிறப் பிடிகளைக் கீழிருந்து பார்த்து, எந்தக் கை முதலில், எந்த இடத்தில் கால் மாற்றுவது என்று மனதுக்குள்ளேயே ஏறிப் பார்ப்பது. பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளும் பேச்சில் சேர்ந்துகொள்வார், அவர் உயரத்துக்கு ஒரு வழி, நம் உயரத்துக்கு வேறு வழி. பெரிய போட்டிகளில் ஒருவர் ஏறுவதை அடுத்து ஏறப்போகிறவர் பார்த்துவிடக் கூடாது என்று தனியே வைத்திருப்பார்கள், தடத்தைப் படித்து வழி கண்டுபிடிக்கும் திறமையும் போட்டியின் பாதி என்பதால்தான். ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் தங்கம் வென்றவர், அவர் ஏறும் காணொளி கிடைத்தால் கையைப் பார்க்காமல் காலை மட்டும் பார். 1964இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் ஒரு நடைபாதைச் சுவரில் கற்களைப் பதித்துப் பயிற்சிச் சுவர் ஆக்கினார், அதிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சுவரில் வி0, வி1 என்று எண்கள் பார்ப்பாய், தடம் எவ்வளவு கடினம் என்று சொல்பவை அவை. கூடத்துக்குக் கூடம் அது மாறும், அதை வைத்து உன்னை எடை போடாதே.

முதல் தடவை பயிற்சியாளர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போ, விழப் பழகிவிட்டு ஏறு. அதோடு கயிறு பிடிக்கவும் முறையாகக் கற்றுக்கொள். அடுத்து நாம் சந்திக்கும்போது நீ பிடிக்க நான் ஏற வேண்டும், அப்புறம் உன் முறை.

அன்புடன்,
உன் பழைய தோழி