இளநீர் ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும்

ஏற்காடு,
மார்கழி மாதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தொண்டை கட்டி ஐந்து வாரம் ஆகிறது, சளியும் இருமலும் போய் மூன்று வாரம், குரல் மட்டும் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மலைக்கு வந்து பத்து நாள் வாயே திறக்காமல் இருந்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறாய். உனக்கு இந்த வீட்டில் எப்போதும் இடம் உண்டு. ஆனால் குரலுக்காக இப்போது வராதே. இங்கே காப்பிப் பழம் பறிக்கும் நேரம். விடிந்து வெகுநேரம் ஆனாலும் பனி விலகுவதில்லை, பொழுது சாய்ந்தால் விறகுப் புகை. இரண்டும் இருமலைக் கிளப்பிவிடும். அதற்கு முன்னால் சேலத்திலேயே ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஸ்கோப் வைத்துப் பார்த்துவிடு. சாதாரணத் தொண்டைக்கட்டு ஒரு வாரத்தில் போகும், மிஞ்சினால் இரண்டு வாரம். நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு நின்றால், தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்களைக் கண்ணால் பார்க்காமல் மருந்தை மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் பயனில்லை. நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, ‘ஈ’ என்று சொல்லச் சொல்வார்கள். சில நிமிட வேலைதான். மரமரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதே, புரை ஏறும். இதைக் கண்டு பயப்படவே வேண்டாம். 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையும் ஒரு கைக்கண்ணாடியையும் வெயிலையும் மட்டும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். நமக்குக் கேமராவே இருக்கிறது.

மூச்சு இழுக்கும்போது சத்தம், விழுங்க முடியாமை, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, இதில் ஒன்று இருந்தாலும் நாள் பார்க்காதே, அன்றைக்கே போ.

பார்த்தால் என்ன தெரியும்? வெறும் வீக்கமாக இருக்கலாம். இரண்டு நாண்களும் மோதும் இடத்தில் காய்ப்பு விழுந்திருக்கலாம், உன்னைப் போல் வகுப்பெடுக்கும் வாத்தியார்களுக்கு இது சகஜம். காய்ப்பு என்றதும் ஆபரேஷனுக்கு ஓடாதே. பெரும்பாலும் சில வார குரல் பயிற்சியிலேயே அது கரையும். ஒரு நாண் அசையாமல் நிற்பதும் உண்டு. நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. அதனால் நெஞ்சில் உள்ள கோளாறுகூடக் குரலில் தெரியும். நரம்பு தேறப் பல மாதம் ஆகலாம்.

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. இருமினால் கணீரென்று சத்தம் வருகிறது, பேசினால் காற்றுதான் வருகிறது என்று எழுதினாயே, அதைத்தான் இரண்டு முறை படித்தேன். இருமும்போது ஒலி வருகிறதென்றால் நாண்கள் சேர்கின்றன. வீக்கம் இருந்த நாட்களில் எப்படியாவது பேச வேண்டுமென்று கழுத்துத் தசைகளை இறுக்கியிருப்பாய். வீக்கம் வடிந்த பிறகும் அந்த இறுக்கம் பழக்கமாகத் தங்கிவிடும். ஸ்கோப் இதை உறுதி செய்தால், வெறுமனே மௌனமாக இருப்பது மருந்தாகாது. பேசாமல் இருந்தால் பழக்கம் மாறாது, பேச ஆரம்பித்ததும் அதே இறுக்கம் வந்து நிற்கும். கத்திப் பேசினாலும் அதேதான். மெல்ல, சிறுகச் சிறுக ஒலியை மீட்க வேண்டும்.

அதற்கு ஒரு இளநீர் ஸ்ட்ரா போதும். காகித ஸ்ட்ரா வேண்டாம், நனைந்து மடங்கும். டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ரா நுனி இரண்டு விரற்கடை மட்டும் மூழ்கட்டும். உதட்டால் ஸ்ட்ராவைச் சுற்றி மூடு, பல்லால் கடிக்காதே. முதலில் ஒலியில்லாமல் ஊது, குமிழி சீராக வர வேண்டும். பிறகு அதே ஊதலோடு ‘ஊ’ என்று மெல்லச் சேர். ஒலி வரும்போது குமிழி நின்றுபோனால் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். தோளைத் தளர்த்திவிட்டு மறுபடி ஆரம்பி. மூக்கைப் பொத்திப் பார், ஒலி அறுந்தால் காற்று மூக்கு வழியே கசிகிறது. கழுத்து நரம்பு புடைத்தால் ஸ்ட்ரா ஆழமாகப் போய்விட்டது, கொஞ்சம் மேலே தூக்கு. தண்ணீரின் எதிர் அழுத்தம் நாண்களை மோதவிடாமல் லேசாகத் தாங்கிக்கொள்ளும், அந்தத் தாங்கலில் அவை நோகாமல் அதிரும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு ஐந்தாறு தடவை. ஒரேயடியாக அரை மணி நேரம் செய்யாதே.

‘ஊ’ தங்கு தடையில்லாமல் வந்த பிறகு ஸ்ட்ராவை எடுத்துவிட்டு ‘ம்ம்’ என்று முனகு. உதட்டிலும் மூக்கிலும் குறுகுறுவென்று அதிர்வு தெரிய வேண்டும். அந்த அதிர்வு அறுவதற்குள் ம-வில் தொடங்கும் சொல்லுக்குள் நுழைந்துவிடு: ம்ம்மாமா, ம்ம்மணி, ம்ம்மலை. க, த, ப-வில் தொடங்கும் சொற்கள் பிறகு. ‘ஆ’வென்று முட்டித் தொடங்கும் சொற்கள் கடைசியில்.

ரகசியம் பேசுவதுபோல் உஸ்ஸென்று பேசுகிறாயாமே, அதை இன்றே விடு. பெரும்பாலோருக்கு அது கழுத்தை இன்னும் இறுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் தாழ்ந்த குரல் போதும். தொண்டையைச் செருமுவதும் அப்படித்தான், ஒவ்வொரு செருமலும் நாண்களை அறைகிறது. அரிக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கு.

வெந்நீர், உப்புக் கொப்பளிப்பு, பனங்கற்கண்டு எதுவும் நாண்களைத் தொடாது. விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுப்பாதையில். குடித்த தண்ணீர் உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். சிறுநீர் வெளிறியிருந்தால் போதிய தண்ணீர் குடிக்கிறாய். நேராகப் போவது ஆவி மட்டும்தான். வெறும் தண்ணீர், பத்து நிமிடம், தைலமும் கற்பூரமும் போடாமல். அதிமதுரத்தை அடிக்கடி மெல்லாதே, பிரஷர் ஏறும். உன் பிரஷர் மாத்திரை எனலாப்ரில், ராமிப்ரில் வகையா என்று பார். அவை வறட்டு இருமல் கொடுக்கும். நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டு.

காலையில் கரகரப்பு அதிகம் என்றால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறதோ என்னவோ. ஏழு மணிக்குள் சாப்பிட்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடி உயரம் கட்டை வை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலத்தை இன்னும் மேலே தள்ளும்.

வீட்டுப் பக்கத்தில் விசைத்தறி ஓடும்போது பேசவே பேசாதே. சத்தத்துக்கு நடுவே நம்மை அறியாமலே குரல் உயரும். லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே எழுதிவைத்த விஷயம். வகுப்புக்கு இடுப்பில் கட்டும் ஸ்பீக்கர் வாங்கு. மைக் வாய்க்கு நேரே வேண்டாம், உதட்டோரத்தில் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கட்டும். பிள்ளைகளை அடக்கக் கைதட்டு, மேசையைத் தட்டு, குரலை எடுக்காதே.

சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் எடுத்துப் போ. ஸ்கோப்பில் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்குக் கடிதம் போடு. போன் மட்டும் செய்யாதே.

உன் தோழி